வார்டனம்மாவின் பாலைவன ரோஜா மன்றம்

ஏங்க, அந்தச் சன்னலோரம் நீங்களே உட்காந்துக்கோங்க. எனக்குப் பஸ்ல எங்க உட்காந்தாலும் ஒண்ணுதான். திருச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. தனியாத்தான் போறீங்களா? அங்க உங்களைத் தெரிஞ்சவங்க நிறைய பேரு இருக்காங்களா? இல்லீங்க, சும்மா பேச்சுக்குக் கேட்டேன். பாத்திரம் வாங்கப் போறீங்களா, சரி சரி. பாத்திரக்கடை எங்கயும் ஓடிப் போயிடாது, சாயங்காலம் போனாலும் இருக்கும்.

செடி கிடி வளர்ப்பீங்களா? துளசி மட்டும்தானா? ரொம்ப நல்லது. அதுவே போதும்.

என் பேரு தவமணி. கரூர்ல தாந்தோணிமலை. அரசாங்க மாணவியர் விடுதியில காப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. வார்டனம்மான்னா அந்தப் பக்கம் இன்னிக்கும் தெரியும். இப்ப என்ன பண்றேன்னு கேட்டீங்கன்னா, மன்றம் நடத்தறேன். கட்சி மன்றம் இல்லீங்க. பாலைவன ரோஜா மன்றம். அடீனியம்னு சொல்வாங்களே, அடித்தண்டு பானை மாதிரி குண்டா இருக்கும், மேல ரோஸ் கலர்ல கொத்தா பூக்கும், நர்சரி வாசல்ல பாத்திருப்பீங்க. அதை வளர்க்கிறவங்களுக்கான மன்றம். எல்லாம் இணையத்துலதான். ஒருத்தரு ஒரு கேள்வி எழுதிப் போடுவாரு, அதுக்குக் கீழ மத்தவங்க பதில் எழுதுவாங்க, படம் போடுவாங்க. என் தம்பி மகன் அமைச்சுக் குடுத்தான். அமைச்சுக் குடுத்ததோட அவன் வேலை முடிஞ்சுது. நடத்தறது நான்.

இன்னிக்குத் தமிழ்நாட்டுல இந்தச் செடிக்கு எங்க மன்றம்தாங்க பெரிசு. யாழ்ப்பாணத்துல இருந்து எழுதறாங்க, மஸ்கட்ல இருந்து எழுதறாங்க. ஆர்க்கிட் வளர்க்கிற மன்றம் ஒண்ணு இருக்கு, ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தத் தலைவர் எனக்கே போன் போட்டு, "அம்மா, எப்படி இவ்வளவு ஜனத்தைச் சேத்து வச்சிருக்கீங்க, ரகசியம் என்ன?"ன்னு கேட்டாரு. இதுல என்னங்க கம்பசூத்திரம் இருக்கு? கண்டிப்புன்னு ஒரே வார்த்தை சொல்லி போனை வச்சுட்டேன்.

பின்ன என்னங்க? விதிமுறை இல்லாம ஒரு இடம் நடக்குமா? முதல் நாளே எழுதிப் போட்டுட்டேன். காலை வணக்கம் போடக் கூடாது. படம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அடுத்தவங்க பூவைப் பாத்து "அழகு"ன்னு மட்டும் எழுதக் கூடாது, ஏன் அழகுன்னு காரணம் எழுதணும். ஒருத்தருக்கொருத்தர் விதை அனுப்பணும்னா எங்கிட்ட அனுமதி வாங்கணும். மீறினா அந்தப் பேச்சைப் பூட்டிடுவேன். பூட்டறதுக்குன்னே ஒரு பொத்தான் இருக்குங்க, அமுக்கினா சின்னதா ஒரு பூட்டுப் படம் வந்துடும், அப்புறம் யாரும் எதுவும் எழுத முடியாது. அதுல ஒரு திருப்தி.

மாத மலர்னு ஒரு விருதும் வச்சேன். ஓட்டெடுப்பு வச்சா சண்டை வரும்னு நானே தேர்ந்தெடுத்துடுவேன். தகுதியை மட்டும் பாத்துதான். பெரும்பாலும் என் செடிதான் வரும். அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது. திடீர்னு சாயங்கால நேரத்துல மன்றமே வெறிச்சோடிப் போச்சு. பேர் எல்லாம் இருக்கு, ஆளு யாரும் வாய் திறக்கறதில்லை. சரி, ஜனங்க ஒழுக்கத்துக்கு வந்துட்டாங்கன்னு நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். ஒருநாள் ஜெரால்டுன்னு ஒருத்தர், திண்டுக்கல்ல லேத் பட்டறை வச்சிருக்காரு, எங்க மன்றத்துல மூத்த உறுப்பினர், அவரு எழுதறாரு: "இங்க வேணாம், அங்க வாங்க, வார்டன் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்." எங்கயோ போட வேண்டியதைக் கைதவறி என் மன்றத்துல போட்டுட்டாரு. உடனே அழிச்சுட்டாரு. ஆனா நான் பாத்துட்டேன். தினமும் சாயங்காலம் நான் மன்றத்தைச் சுத்திப் பாக்கற ரவுண்ட்ஸ் நேரம்தாங்க அது.

அங்கன்னா எங்க? விடுவேனா நான்? எத்தனை பிள்ளைங்க தலையணையைப் போத்திப் படுக்க வச்சுட்டு சினிமாவுக்குப் போனதைக் கண்டுபிடிச்சவ. தேடித் தேடி எடுத்துட்டேன். தனியா ஒரு மன்றமே ஆரம்பிச்சிருக்காங்க. பேரு என்ன தெரியுமா? "சுவரேறிக் குதிச்சவங்க."

சிரிக்காதீங்க. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை. நான் விடுதிக் கதையெல்லாம் அவங்களுக்கு நல்லதுக்குத்தானே எழுதுவேன்? அதை வச்சே பேரு வச்சிருக்காங்க.

கூண்டோட எல்லாரையும் நீக்கியிருப்பேன். ஆனா முதல்ல ஆதாரம் வேணும் இல்லீங்களா? யார் யாரு, என்ன பேசறாங்கன்னு தெரியணும். அதனால வேற பேர்ல உள்ள நுழையறதுன்னு முடிவு பண்ணினேன். என்ன பேரு வைக்கலாம்னு யோசிச்சப்ப சட்டுனு வாயில வந்தது செண்பகம். எங்க விடுதியில சமையல் பண்ணின அம்மா பேரு. ஊரு மன்னார்குடின்னு போட்டேன். நான் மன்னார்குடிக்குப் போனதே இல்லை, அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

ஆனா அந்த மன்றத்துல ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. உள்ள வரணும்னா உங்க செடி ஒண்ணைப் படம் எடுத்துக் காட்டணும். வியாபாரம் பண்றவங்க புகுந்துடாம இருக்கறதுக்கு. எனக்குப் பெரிய சிக்கல் ஆயிடுச்சு. என் செடி எல்லாமே மாத மலரா வந்து ஊருக்கே தெரிஞ்சது. அதுலயும் சம்மணக்காரின்னு ஒரு செடி. அடித்தண்டு ரெண்டாப் பிரிஞ்சு, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காந்த மாதிரியே இருக்கும். கோடையில ஒவ்வொரு தடவை தொட்டி மாத்தறப்பவும் வேரைக் கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கி நட்டு, ஏழெட்டு வருஷம் பாடுபட்டு உட்கார வச்சது. மத்த எல்லாத்துலயும் பூச்சி விழுந்திருந்த நேரம், பாக்கற மாதிரி இருந்தது அவ ஒருத்திதான். என்ன பண்ணினேன் தெரியுமா? பூ அத்தனையும் கிள்ளி எடுத்துட்டேன். தொட்டிக்குப் பதிலா ஒரு சிவப்புப் பக்கெட்ல இறக்கினேன். முன்பக்கத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வச்சு, முதுகுப் பக்கமா படம் எடுத்துப் போட்டேன். பூவே இல்லாட்டி எப்படிங்க அடையாளம் தெரியும்? ஆளோட முகத்தையே மறைச்ச மாதிரி.

அப்புறம் ஜெரால்டு எழுதினாரு: "அக்கா, இந்த அம்மா உட்காந்திருக்கற தோரணையை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே." கீழ வரிசையா எல்லாரும் சிரிக்கிற முகம் போட்டாங்க. நான் சுதாரிச்சுட்டேன். "எல்லா அடீனியமும் ஒரே மாதிரிதாங்க இருக்கும்"னு எழுதினேன். என் மன்றத்துல யாராவது அப்படி எழுதியிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன். ஒரு செடி மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு பாடம் எடுத்தவளே நான்தானே. அவங்க இன்னும் நிறைய சிரிக்கிற முகம் போட்டு, "வாங்க வாங்க செண்பகம் அக்கா"ன்னு சேத்துக்கிட்டாங்க. அப்படியே நம்பிட்டாங்க. வெகுளி ஜனங்க.

உள்ள போய்ப் பாத்தா ஒரே கூத்து. செடியைப் பத்தியும் பேசறாங்க, இல்லைன்னு சொல்லலை. நடுநடுவுல அவங்க வீட்டுக் கதை, மாமியா கதை, பக்கத்து வீட்டு ஆடு வந்து செடியைத் தின்ன கதை. அப்புறம் வார்டன் கதை. என்னைத்தாங்க. காரணம் எழுதாம "அழகு"ன்னு போட்டதுக்கு என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதை ஒருத்தரு சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்கு வந்த கோபத்துல, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்னுதான் எழுத உட்காந்தேன். ஆனா நான்தான் செண்பகமாச்சே. செண்பகம் அப்படிக் கேக்க மாட்டா. அதனால இப்படி எழுதினேன்: "அந்தம்மா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைகிட்டயே, புடிச்சிருக்குன்னு மட்டும் சொன்னா ஆகாது, காரணத்தோட எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கும்."

அது உண்மையிலயே நடந்ததுதான், வச்சுக்கோங்க. அவரும் எழுதிக் குடுத்தாரு.

அவ்வளவுதாங்க. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறேன்னு ஒருத்தர், டீ மூக்குல ஏறிடுச்சுன்னு ஒருத்தர். ஜெரால்டு எழுதினாரு: "அக்கா, நீங்க இப்படிப்பட்ட ஆளுன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே." பாருங்க, அன்னிக்குத்தான் சேந்தவளை அதுக்கு முன்னாடி எப்படிங்க தெரியும்? ஒரு பேச்சுக்கு எழுதறதுதான்.

ஆதாரம் சேக்கத்தான் போனேன். சத்தியமா. ஆனா மறுநாளும் போனேன். அப்புறம் தினமும் போனேன். ஏன்னு கேளுங்க. விடுதியில முப்பது வருஷம் இருந்தேன் இல்லீங்களா, நான் ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சா உள்ள இருக்கற சிரிப்பு நின்னு போயிடும். சுவிட்சை அணைச்ச மாதிரி. வராண்டாவுல நடந்து வர்றப்ப கேக்கும், கதவைத் திறந்தா இருக்காது. செண்பகத்தோட அடுப்படியில மட்டும் எப்பவும் சிரிப்புச் சத்தம் இருக்கும். அவ என்னத்தைச் சொல்லி அந்தப் பிள்ளைங்களைச் சிரிக்க வச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்கம்மா"ன்னு கரண்டியைக் கீழ வச்சுட்டா. இந்த மன்றத்துல நான் நுழைஞ்சாத்தாங்க சிரிப்பே ஆரம்பிக்குது. "அக்கா வந்தாச்சு"ன்னு எழுதுவாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்ததுங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? இல்லையா? சரி. இது குளித்தலைதானே. இன்னும் நேரம் இருக்கு.

அங்க இருந்துக்கிட்டே நம்ம மன்றத்தையும் கவனிச்சேன். அங்க அவங்க குறையைக் கேக்கறது, இங்க என் மன்றத்துக்கு வந்து யாருக்கும் தெரியாம சரி பண்றது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பூ உதிராம நிக்குமா, அந்தம்மாவுக்குத் தெரியாதா?"ன்னு ஒரு பொண்ணு புலம்பினா. அதுவும் சரிதானேன்னு மறுநாளே என் மன்றத்துல, எந்த நாளும் படம் போடலாம்னு அறிவிச்சேன். விதைக்கு அனுமதி வேணாம்னு சொன்னேன். மாத மலரை ஓட்டுக்கு விட்டேன். இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அவங்க எல்லாரும் இதுக்குச் செண்பகத்துக்கு நன்றி சொல்றாங்க! "அக்கா, நீங்க வந்த ராசி." அப்புறம் மனு குடுக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. "செண்பகம் அக்கா, காலை வணக்கம் போடறதுக்கும் கொஞ்சம் பாருங்களேன்." எனக்கும் அந்தம்மாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "தெரியும்க்கா, இருந்தாலும் பாருங்க"ன்னாங்க. என்ன பண்றது, காலை வணக்கத்தையும் விட்டுட்டேன்.

அதுக்கப்புறம்தான் கூட்டம் கூட்டமா ஆள் சேந்தது. யாழ்ப்பாணம், மஸ்கட் எல்லாம் அப்ப வந்ததுதான். எல்லாத்துக்கும் காரணம் நான் போட்ட அடித்தளம். கண்டிப்பு.

போன மழைக்காலத்துல எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். போனைத் தொடவே இல்லை. எழுந்து பாத்தா ரெண்டு மன்றத்துலயும் விசாரிச்சு எழுதியிருக்காங்க. வார்டனம்மாவைக் காணோமேன்னு என் மன்றத்துல, செண்பகம் அக்காவைக் காணோமேன்னு அவங்க மன்றத்துல. ரெண்டு இடத்துலயும் காய்ச்சல்னு பதில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைச்சுது, ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துலயான்னு கேட்டுட்டா? ஒருத்தரும் கேக்கலையே! ஊரெல்லாம் காய்ச்சலா இருந்ததால பொழைச்சேன்.

மெஹருன்னிசான்னு ஒரு உறுப்பினர், பள்ளப்பட்டிக்காரங்க. என்னைவிடச் சின்னவங்க. அவங்க அதைப் பாத்துட்டு பஸ் புடிச்சு வீட்டுக்கே வந்துட்டாங்க. அதுவரைக்கும் மன்றத்துல இருந்து யாரும் என் வீட்டு வாசலை மிதிச்சதில்லை. பையில இருந்து ரெண்டு டப்பா எடுத்து வச்சாங்க. ரெண்டுலயும் வட்டிலப்பம், முட்டையும் தேங்காப்பாலும் சேத்து அவிக்கற இனிப்பு. "ஒண்ணு உங்களுக்கும்மா. இன்னொண்ணு செண்பகம்னு ஒரு அக்கா இருக்காங்க, செடிப் பழக்கம்தான், அவங்களுக்கும் உடம்பு சரியில்லை. உங்க வீட்டுலயே இருக்கட்டும், எப்படியும் அவங்களுக்குப் போய்ச் சேந்துடும்"னாங்க. மன்னார்குடிக்காரிக்குக் கரூர்ல குடுத்தா எப்படிங்க போய்ச் சேரும்? அவ்வளவு வெகுளி. நான் முகத்துல எதையும் காட்டிக்கலை. "யாரு செண்பகம்?"னு கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைம்மா"ன்னு சொல்லி என் கையை எடுத்து வச்சுக்கிட்டாங்க. போறப்ப மாடிக்குப் போய்ச் செடியெல்லாம் பாத்தாங்க. சம்மணக்காரி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. பூ நிறைய பூத்திருந்ததால இருக்கும்.

ரெண்டு டப்பாவையும் நானே சாப்பிட்டேன். ரெண்டாவதைச் சாப்பிடறப்ப, பாவம் செண்பகத்துக்குக் குடுத்து வைக்கலையேன்னு ஒரு மாதிரியா இருந்தது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க மன்றத்துக்கு வருஷம் ஒரு தடவை நேர்ல கூட்டம் உண்டு. போன வருஷம் கரூர்ல வச்சேன். நான் வரவேற்புரை பேசி முடிக்கறதுக்குள்ள பாதிப் பேரு சாப்பாட்டுப் பந்திக்குப் போயிட்டாங்க. மீதிப் பேரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாங்க. நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை. இந்த வருஷம் திருச்சியில, இன்னிக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா பக்கத்துலயே ஒரு சின்ன மண்டபம். இதுக்குச் சுவரேறிக் குதிச்சவங்க ஒரு தீர்மானம் போட்டாங்க பாருங்க: செண்பகம் அக்கா நேர்ல வந்தாத்தான் நாங்க எல்லாரும் வருவோம். அக்கா வரலைன்னா யாரும் வரமாட்டோம். மெஹருன்னிசா பிரியாணியே வைக்க மாட்டாங்களாம்.

எப்படி இருக்கும் எனக்கு? செண்பகம் வரலைன்னா என் மன்றம் போச்சு. காலி நாற்காலிக்கு முன்னாடி நின்னு நான் வரவேற்புரை பேசணும். நான்தான் செண்பகம்னு சொல்லிட்டா? சொல்லிடலாம்தாங்க. எழுதிக்கூடப் பாத்தேன். அனுப்ப விரல் வரலை. சொன்ன அந்த நிமிஷம் சிரிப்பு நின்னுடுமே. அவங்க எல்லாரும் கரண்டியைக் கீழ வச்சுடுவாங்க. தலைவி பதவி போனாலும் தாங்கிக்குவேன், அது போச்சுன்னா எனக்கு அப்புறம் சாயங்காலம்னு ஒண்ணு இருக்காதுங்க. அதனால வர்றேன்னு செண்பகம் பேர்ல வாக்குக் குடுத்துட்டேன். குடுத்துட்டு ஒரு வாரமா தூக்கம் இல்லை.

நீங்க பஸ்ல ஏறினப்பவே பாத்தேன். கண்டக்டர்கிட்ட சில்லறை இல்லாததுக்கு ஏதோ சொன்னீங்க, அவரு சிரிச்சுட்டாரு பாருங்க. கண்டக்டரைச் சிரிக்க வைக்கறது லேசான காரியமா? அப்பவே எனக்குத் தோணிப் போச்சு.

நீங்க ஒண்ணுமே பண்ண வேணாங்க. வந்து "நான்தான் செண்பகம், மன்னார்குடி"ன்னு சொல்லிட்டு உட்காந்தாப் போதும். செடியைப் பத்தி யாராவது என்ன கேட்டாலும், "தண்ணியைக் குறைச்சு ஊத்துங்க"ன்னு சொல்லுங்க. இந்தச் செடிக்கு எந்த வியாதி வந்தாலும் அதான் பதில். மதியம் பிரியாணி இருக்கு. அப்புறம் நானே கூட வந்து பாத்திரம் பேரம் பேசித் தர்றேன். நான் பேசினா கடைக்காரன் குறைச்சே ஆகணும்.

என்னங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னா கேக்கறீங்க? செண்பகம் யாருன்னா? தெரியவே தெரியாதுங்க. நான் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன்னு இவ்வளவு நேரம் சொன்னேனே. முப்பது வருஷம் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிச்சவளுக்கு அதை எப்படி மறைக்கறதுன்னு தெரியாதா? ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க? சிரிங்க சிரிங்க, நல்லதுதான். அப்ப வர்றீங்க. வர்றேன்னு சொல்லுங்க. அப்பாடா. நீங்க நல்லா இருக்கணும்.

இருங்க, போன்ல ஏதோ வந்திருக்கு. ஜெரால்டுதான், செண்பகத்துக்கு எழுதியிருக்காரு. கண்ணாடி எங்க வச்சேன்? நீங்களே படிங்களேன். "அக்கா, எல்லாரும் வந்தாச்சு. மேடையில தலைவிக்கும் உங்களுக்கும் சேத்து ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கோம். சீக்கிரம் வாங்க."

பாத்தீங்களா! இதுக்குத்தான் நான் பக்கத்துல இல்லாம எந்த ஏற்பாடும் செய்ய விடறதில்லை. வர்றது ரெண்டு பேருன்னு தெரியும், ஒரு நாற்காலியைப் போட்டு வச்சிருக்காங்க. இவங்களை வச்சுக்கிட்டுத்தான் நான் மன்றம் நடத்தறேன். நீங்க எதுக்குங்க கண்ணைத் துடைக்கிறீங்க? அட, நாற்காலிக்குப் போய் இப்படிக் கண் கலங்குவாங்களா? சத்திரம் வந்துடுச்சு, இறங்குங்க, படி பாத்து. நீங்களே உட்காந்துக்கோங்க. நான் நின்னுக்கறேன். அவங்க ஆசையா பாக்க வந்திருக்கறது செண்பகத்தைத்தானே, என்னை இல்லையே.